கேம் படங்கள் ஏன் கேம் ஆடாதவர்களிடம் போய்ச் சேருவதில்லை?

#1 வாசல்தேடி

2016-ல் 'வார்கிராஃப்ட்' படம் வந்தபோது அக்காவை வற்புறுத்திக் கூட்டிப் போனேன். அவள் ஒரு கேம்கூட ஆடியதில்லை, ஆனால் படம் பார்ப்பதில் என்னைவிடப் பொறுமைசாலி. எந்த மொழிப் படமாக இருந்தாலும் உட்கார்ந்து பார்த்துவிடுவாள். அரை மணி நேரம் தாண்டியதும் என் பக்கம் குனிந்து ஒரு கேள்வி கேட்டாள்: "இதில் நான் யாருக்காகப் பயப்படணும்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை, அதற்காகத்தான் இந்த இழை.

அந்தப் படத்தைக் குறைசொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. இயக்குநர் டங்கன் ஜோன்ஸ் அந்த உலகத்தை நேசித்து எடுத்தார் என்பது ஒவ்வொரு பிரேமிலும் தெரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். 1994-ல் வந்த முதல் கேமிலேயே ஆட்டம் தொடங்கும்போது நாம் செய்யும் முதல் வேலை, ஆர்க் என்ற அரக்க இனத்தின் பக்கமா மனிதர் பக்கமா என்று தேர்ந்தெடுப்பதுதான். தேர்ந்தெடுத்த அந்த நொடியில் நமக்கு ஒரு பக்கம் கிடைத்துவிடுகிறது. அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு சண்டையும் நம் சண்டை. படத்தில் அந்தத் தேர்வு பார்ப்பவரிடம் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்ய நினைத்து, படம் இரண்டு கதையையும் மாற்றி மாற்றிச் சொல்கிறது. கேம் ஆடியவன் ஏற்கெனவே ஒரு பக்கத்தைச் சுமந்துகொண்டு உள்ளே வருகிறான். அக்கா வெறுங்கையோடு வந்தாள், படம் அவளுக்கு எதையும் கொடுக்கவில்லை.

உலக அளவில் அந்தப் படம் சுமார் 44 கோடி டாலர் வசூலித்தது. அதில் பாதிக்கு மேல் சீனாவில் மட்டும். அமெரிக்காவில் 5 கோடியைக்கூடத் தொடவில்லை. சீனாவில் அந்த கேமுக்குப் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. கேம் ஆடியவர்கள் வந்தார்கள், மற்றவர்கள் வரவில்லை, நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

கேமிலிருந்து எடுக்கும் படங்கள் வெளியாளுக்கு ஒரு வாசல் வைக்க மறந்துவிடுகின்றன என்பது என் எண்ணம். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

#2 பழையகன்சோல்

வாசல் ஒரு காரணம்தான். அதற்கும் அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. அது கை.

'அன்சார்ட்டட்' கேம் வரிசையின் மூன்றாம் பாகத்தில், 2011-ல் வந்தது, ஒரு சரக்கு விமானக் காட்சி உண்டு. பின்கதவு திறந்து, பெட்டிகள் எல்லாம் கட்டோடு வெளியே தொங்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டு நாயகன் நேதன் டிரேக் மேலே ஏற வேண்டும். அதை ஆடும்போது என் உள்ளங்கை வியர்த்து கண்ட்ரோலர் வழுக்கியது. 2022-ல் வந்த படம் அதே காட்சியோடுதான் தொடங்குகிறது. கேமில் வந்ததைவிடத் துல்லியமான கிராஃபிக்ஸ், பெரிய திரை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் விழமாட்டார் என்று தெரியும், ஏனென்றால் படம் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. கேமில் அவர் விழுந்தார். என்னால் விழுந்தார், மூன்று முறை.

அந்த கேம் வரிசையே பழைய புதையல் வேட்டைப் படங்களைப் பார்த்து வளர்ந்தது. குகை, வரைபடம், பொறி, கடைசி நொடியில் தாவுதல், எல்லாம் சினிமாவிலிருந்து வந்த சொத்து. கேம் அதை வாங்கி, கூடவே 'இப்போது நீ தாவு' என்ற ஒன்றைச் சேர்த்தது. அதைத் திரும்பப் படமாக்கும்போது சேர்த்ததை எடுத்துவிடுகிறோம். மிஞ்சுவது சினிமாவில் ஏற்கெனவே இருந்ததுதான். கேம் தெரியாத ஒருவர் அதைப் பார்த்து, 'இந்த மாதிரி நிறைய பார்த்திருக்கிறேனே' என்று நினைத்தால் அவர் மேல் என்ன தப்பு?

கேமில் கதை ஒரு பாதி, மறுபாதி நாம் செய்யும் வேலை. பதினைந்து மணி நேரம் ஒரு பாத்திரத்தை நடக்கவைத்து, ஒளியவைத்து, சாகவைத்து, மறுபடி எழுப்பி வந்தபின் அவர் மேல் வரும் பாசம் வசனத்தால் வந்தது கிடையாது. இரண்டு மணி நேரப் படம் அந்தப் பாசத்தை எழுத்தாலும் நடிப்பாலும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும். பல படங்கள் அது ஏற்கெனவே சம்பாதித்தாயிற்று என்று நம்பிக்கொண்டு தொடங்குகின்றன.

#3 இரவுப்பதிவு

ஆனால் 'தி விட்சர்' தொடரை கேம் ஆடாதவர்கள் லட்சக்கணக்கில் பார்த்தார்களே? அது எப்படி நடந்தது?

#4 அசைவூட்டம்

அது கேமிலிருந்து வரவில்லை, சகோ. போலந்து எழுத்தாளர் ஆந்த்ஷேய் சப்கோவ்ஸ்கியின் கதைகளிலிருந்து வந்தது. கேமும் அதே கதைகளிலிருந்து பிறந்ததுதான். எழுத்திலேயே ஆட்களும் உறவுகளும் இருந்ததால் தொடருக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. உங்கள் உதாரணம் பழையகன்சோல் சொன்னதற்குத்தான் வலு சேர்க்கிறது.

#5 வெள்ளைத்திரை

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். தலைப்பே பத்து வருடம் பழையது என்று நினைக்கிறேன்.

2023-ல் வந்த மரியோ அனிமேஷன் படம் 136 கோடி டாலர் வசூலித்தது. 2025-ல் 'மைன்கிராஃப்ட்' படம் 95 கோடியைத் தாண்டியது. சோனிக் மூன்று பாகம் வந்து, ஒவ்வொன்றும் முந்தையதைவிட அதிகம் சம்பாதித்தது. இவ்வளவுக்கும் பிறகு கேம் படம் பரவலாகப் போகவில்லை என்று சொல்ல முடியுமா?

1993-ல் எடுத்த முதல் மரியோ படத்தோடு ஒப்பிட்டால் தூரம் புரியும். பாப் ஹாஸ்கின்ஸ் மாதிரி ஒரு நடிகரை வைத்துக்கொண்டு, வண்ணமயமான ஓர் உலகத்தை இருண்ட, பிசுபிசுப்பான ஒரு நகரமாக மாற்றினார்கள். போட்ட பணம்கூடத் தியேட்டரில் திரும்பவில்லை. அவரே பின்னாளில் தன் தொழில் வாழ்க்கையில் செய்ததிலேயே மோசமான வேலை அதுதான் என்று பேட்டி கொடுத்தார். எடுத்தவர்களுக்கு கேமும் பிடிபடவில்லை, அதை ஆடுபவர்களும் பிடிபடவில்லை. 2023 படத்தில் மரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவே ஒரு தயாரிப்பாளர். அந்த வித்தியாசம் திரையில் தெரிந்தது.

அந்த ஆரம்ப காலத்திலும் எல்லாமே தோற்றுவிடவில்லை. 1995-ல் 'மார்ட்டல் காம்பாட்' 12 கோடி டாலர் எடுத்தது. அது செலவைப் போல ஐந்து மடங்குக்கு மேல். 2001-ல் ஆஞ்சலினா ஜோலி நடித்த லாரா கிராஃப்ட் படம் 27 கோடியைத் தாண்டியது. 'ரெசிடென்ட் ஈவில்' ஆறு படங்களும் சேர்ந்து 120 கோடிக்கு மேல். விமர்சகர்கள் திட்டினார்கள் என்பது உண்மைதான், ஆனால் மக்கள் வந்தார்கள்.

#6 வாசல்தேடி

வெள்ளைத்திரை, எண்களை மறுக்கவில்லை. ஆனால் மரியோவுக்கும் மைன்கிராஃப்டுக்கும் வந்தவர்கள் வெளியாட்களா? மைன்கிராஃப்ட் 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற கேம். உலகத்தில் அதற்கு மேல் விற்ற கேம் கிடையாது என்றே சொல்லலாம். ஒரு பிரதியை வீட்டில் மூன்று பிள்ளைகள் ஆடியிருப்பார்கள். மரியோவை நாற்பது வருடமாகத் தாத்தா முதல் பேரன்வரை தெரியும். அங்கே கேமின் கூட்டமே அவ்வளவு அகலம். படம் வேலியைத் தாண்டத் தேவையே இருக்கவில்லை, வேலிக்குள்ளேயே பாதி உலகம் இருந்தது.

நான் கேட்பது நடுத்தரப் புகழ் கொண்ட கேம்களைப் பற்றி. 'பார்டர்லேண்ட்ஸ்' விற்பனையில் பெரிய கேம்தான். 2024-ல் கேட் பிளாஞ்செட் நடித்து, 11 கோடி டாலருக்கு மேல் செலவழித்து எடுத்த படம் சுமார் 3 கோடி 30 லட்சத்தோடு நின்றுபோனது. 2016-ல் 'அசாசின்ஸ் கிரீட்' எடுத்தார்கள். மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நல்ல நடிகர் இல்லையா? முன்னோர்களின் நினைவுக்குள் போகும் கருவி என்ற கருத்து நல்ல கருத்து இல்லையா? ஆனால் கேமில் நான் விரும்பியது கூரை கூரையாக ஏறி, ஒரு கோபுரத்தின் உச்சியில் நின்று ஊரைப் பார்ப்பது. அந்தப் பழைய காலத்தில்தான் முக்கால்வாசி நேரம் இருப்போம். படமோ பெரும்பாலும் நிகழ்காலத்துச் சோதனைக்கூடச் சுவர்களுக்குள் உட்கார்ந்து, கருவி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிக்கொண்டே இருந்தது. ஆடியவனுக்கு அது ஏற்கெனவே தெரியும். ஆடாதவனுக்கு அது எதற்கு என்று கடைசிவரை தெரியாது.

விளக்கம் வாசல் ஆகாது என்பதை அந்தப் படத்தில்தான் உணர்ந்தேன்.

#7 அசைவூட்டம்

இன்னொரு கஷ்டத்தை யாரும் தொடவில்லை. கேம் நாயகர்களில் நிறைய பேர் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டவர்கள்.

'ஹாஃப் லைஃப்' கேமின் கோர்டன் ஃப்ரீமேன் ஒரு வார்த்தை பேசமாட்டார். 'ஜெல்டா'வின் லிங்க் கூட அப்படித்தான், கத்துவதோடு சரி. 'டூம்' நாயகனுக்கு ஒழுங்கான பெயரே இல்லை. 'ஹேலோ'வில் மாஸ்டர் சீஃப் தலைக்கவசத்தைக் கழற்றி முகம் காட்டமாட்டார். அந்தக் காலியிடத்தில் உட்காருவது நாம். நாம் எழுந்துவிட்டால் அங்கே வெற்று இருக்கைதான்.

சினிமாவுக்கு முகம் வேண்டும். 2022-ல் வந்த 'ஹேலோ' தொடரில் முதல் அத்தியாயத்திலேயே கவசத்தைக் கழற்றினார்கள். ரசிகர்களுக்கு அது துரோகமாகப் பட்டது. எழுத்தாளர்கள் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு அவர்களைத் திட்ட மனம் வரவில்லை. முகமே இல்லாத ஒருவரை வைத்து மணிக்கணக்கில் எப்படி அழவைப்பது? ஆனால் கழற்றிய பிறகு உள்ளே யார் இருக்கிறார் என்பதற்கு வலுவான பதில் இல்லை. இரண்டு பருவத்தோடு தொடர் நின்றுபோனது. பழைய ரசிகர்களும் தங்கவில்லை, புதியவர்களும் சேரவில்லை.

இதற்கு நேர் எதிர், 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' கேமிலிருந்து வந்த 'ஆர்கேன்' அனிமேஷன் தொடர். அந்த கேம் ஆடியவர்களுக்குத் தெரியும், அந்த ஆட்டத்துக்குள் கதை என்று ஒன்றும் கிடையாது. ஐந்து பேர், எதிரே ஐந்து பேர், கோபுரங்களை இடிக்க வேண்டும். கதையெல்லாம் வெளியே, பாத்திரங்களின் குறிப்புகளில் துண்டு துண்டாகக் கிடந்தது. பாரிஸில் இருக்கும் ஃபோர்டிஷ் ஸ்டூடியோவும் கேமை உருவாக்கிய ரயட் நிறுவனமும் சேர்ந்து அந்தத் துண்டுகளிலிருந்து இரண்டு சகோதரிகளை எடுத்தார்கள். அக்கா ஒரு தவறான நொடியில் தங்கையை விட்டுப் போகிறாள், அவ்வளவுதான் விதை. கேமின் பெயர்கூடத் தெரியாத என் நண்பர் ஒருவர் மூன்றாம் அத்தியாயம் முடிந்ததும் போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். 2022-ல் எம்மி விருதும் வாங்கியது. ஆட்டத்தைப் படமாக்க அவர்கள் முயலவே இல்லை. அந்த உலகத்தில் வாழும் இருவரைப் படமாக்கினார்கள்.

#8 இரவுப்பதிவு

விட்சர் விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி, அது எனக்குத் தெரியாது.

ரசிகர்களாகிய நம் பங்கையும் பேச வேண்டும். 2019 ஏப்ரலில் சோனிக் டிரெய்லர் வந்தபோது, மனிதப் பல்லோடு இருந்த அந்த உருவத்தைப் பார்த்து எல்லோரும் கொதித்தோம். நானும்தான். அவர்கள் கேட்டார்கள், உருவத்தையே மாற்றினார்கள், வெளியீட்டை 2020 பிப்ரவரிக்குத் தள்ளினார்கள். படமும் ஓடியது. அது நல்ல முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அதிலிருந்து தயாரிப்பாளர்கள் ஒரு தவறான பாடத்தைப் படித்துக்கொண்டார்களோ என்ற கவலை எனக்கு இருக்கிறது. உருவம் சரியாக இருக்கிறதா, ஆயுதம் சரியா, உடையில் அந்தச் சின்னம் இருக்கிறதா என்று நாம் சரிபார்க்கிறோம். அவர்களும் அதையே சரிபார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பின்னணியில் ஒரு பழைய இசைத்துணுக்கு வரும், நாம் கைதட்டுவோம், பக்கத்து இருக்கைக்காரர் நம்மைத் திரும்பிப் பார்ப்பார். இப்படி ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு முறை அவரைத் தனியாக விட்டால், தன்னைக் கூப்பிடாத வீட்டு விசேஷத்துக்கு வந்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றிவிடும்.

நாம் கேட்க வேண்டியது வேறு. அந்த கேம் நமக்கு என்ன உணர்வைக் கொடுத்ததோ அதைக் கேட்க வேண்டும்.

#9 பழையகன்சோல்

இரவுப்பதிவு, அந்தக் கடைசி வரி எனக்கு ரொம்பப் பிடித்தது.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பல முடிவுகள் அங்கேதான் கெட்டுப்போகின்றன. கேமில் ஒரு மூழ்கிய நகரத்தைக் கட்டினால் அதில் இருபது மணி நேரம் நடக்கலாம். படத்தில் அதே நகரத்தைக் கட்ட ஆகும் செலவு இரண்டு மணி நேரத்திலேயே திரும்பி வந்தாக வேண்டும். செலவு ஏறினால் எல்லா வயதினரும் வர வேண்டும் என்பார்கள். எல்லா வயதினரும் வர வேண்டுமென்றால் கதையின் பல்லைப் பிடுங்க வேண்டும். அப்படியொரு கடலடி நகரத்தில் நடக்கும் 'பயோஷாக்' கேமை கோர் வெர்பின்ஸ்கி படமாக இயக்குவதாக இருந்தது. பெரியவர்களுக்கு மட்டுமான தணிக்கைச் சான்றிதழோடுதான் எடுப்பேன் என்றார். அந்தச் சான்றிதழுக்கு அவ்வளவு பெரிய பட்ஜெட் தரமுடியாது என்று ஸ்டூடியோ பின்வாங்கியது. படம் நின்றுபோனது. இன்றைக்கும் வருத்தம்தான்.

2001-ல் 'ஃபைனல் ஃபேன்டசி' படத்துக்கு 13 கோடி டாலருக்கு மேல் கொட்டினார்கள். அந்தக் காலத்துக் கணினியில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக அசையும்படி ஒரு பெண்ணை உருவாக்கினார்கள். வசூல் சுமார் 8.5 கோடி. அதை எடுத்த படப்பிரிவையே மூடவேண்டி வந்தது. அத்தனை உழைப்பும் முடியிலும் தோலிலும் போய்விட்டது. அந்தப் பெண் யார், அவளுக்கு என்ன வேண்டும் என்பது மங்கலாகவே நின்றது.

2 கோடி டாலரில் எடுத்த 'ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடீஸ்' 29 கோடிக்கு மேல் எடுத்ததையும் சொல்லவேண்டும். ஓர் இரவுக் காவலாளி, பூட்டிய கட்டடம், நகரும் பொம்மைகள். கேமே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கேமரா திரைகளைப் பார்ப்பதுதான். சின்ன இடம் என்பதால் சின்னச் செலவு. அதில் யாருக்காகப் பயப்பட வேண்டும் என்று அக்கா கேட்டிருக்கமாட்டார்கள்.

#10 வெள்ளைத்திரை

வாசல்தேடி சொன்ன வேலி உதாரணத்தை இரண்டு நாளாக யோசித்தேன். மரியோ விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன்.

அப்படியென்றால் உண்மையில் வேலி தாண்டியவை எவை? 2024-ல் வந்த 'ஃபால்அவுட்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த கேமின் கதையையும் அவர்கள் தொடவில்லை, அதே உலகத்தில் புதுக் கதை. லூசி நிலவறைக்குள் பிறந்து வளர்ந்தவள், மேலே என்ன இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. கதவு திறக்கிறது, அவளோடு நாமும் வெளியே வருகிறோம். இத்தனைக்கும் அந்த வாசல் புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. 1997-ல் வந்த முதல் கேமும் நிலவறையிலிருந்து வெளியேறுவதில்தான் தொடங்குகிறது. எல்லா கேமும் முதல் பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாத ஒருவருக்குத் தன் உலகத்தைச் சொல்லிக்கொடுக்கத்தான் செய்கிறது. படம் எடுப்பவர்கள் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

இன்னொன்று, 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொடரின் மூன்றாம் அத்தியாயம். (கதை தெரிந்துவிடும், பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) கேமில் பில் என்ற தனிமனிதரின் ஊருக்குள் போகிறோம். பொறிகளைத் தாண்டி, ஒரு கார் பேட்டரியைத் தேடுகிறோம். ஃபிராங்க் என்பவரைப் பிணமாகத்தான் பார்க்கிறோம். பில்லை வெறுத்து அவர் எழுதிய ஒரு கடிதம் கிடைக்கிறது. ஆடும்போது அது போதும், கை முழுக்க வேலை இருக்கிறது. தொடரில் கைக்கு வேலை இல்லை. கேமை எழுதிய நீல் டிரக்மனோடு சேர்ந்து தொடரை உருவாக்கிய கிரேக் மேசின் பொறிகளை ஓரத்தில் வைத்துவிட்டு, பில்லும் ஃபிராங்கும் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கையை ஒரு முழு அத்தியாயமாக எழுதினார். கேமிலிருந்து அதிகம் விலகிய அத்தியாயம் அது. கேம் ஆடாதவர்கள் என்னிடம் பேசியதெல்லாம் அதைப் பற்றித்தான்.

#11 வாசல்தேடி

வெள்ளைத்திரை எழுதியதைப் படித்துவிட்டுப் போன வாரம் அக்காவோடு அந்த அத்தியாயத்தை மறுபடி பார்த்தேன். அவளுக்கு அது முதல் முறை. முடிந்ததும் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தக் கடிதம் கேமிலும் இருக்கிறதா?" என்றாள். பில் எழுதிவைத்துவிட்டுப் போகும் கடிதத்தைக் கேட்டாள். கேமில் ஒரு கடிதம் உண்டு, ஆனால் அதை எழுதியது ஃபிராங்க், அதில் அன்பு இல்லை என்றேன். நம்ப மறுத்தாள். "நீ ஆடு, நான் பார்க்கிறேன், அந்த இடம் வந்ததும் காட்டு" என்றாள்.

நான் ஆடி எட்டு வருடம் இருக்கும், கை பழக்கம் விட்டுப்போயிருந்தது. பில் ஊருக்குள் நுழைந்ததும் கேமின் நாயகன் ஜோயல் ஒரு கயிற்றுப் பொறியில் மாட்டித் தலைகீழாகத் தொங்குவார். அப்படித் தொங்கிக்கொண்டே, ஓடிவருகிறவர்களைச் சுட வேண்டும். திரையில் எல்லாமே தலைகீழ். இரண்டு முறை செத்தேன். இரண்டாவது முறை அக்கா சோபாவிலிருந்து இறங்கித் தரையில், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூன்றாம் முறை தொடங்கியபோது அவள் கை என் தோள்மேல் இருந்தது.

"அவசரப்படாதே, இடது பக்கம் ஒருத்தன் வர்றான் பார்" என்றாள்.

அன்றிரவு கடிதம்வரை போகவில்லை. நாளை மறுபடி உட்காருகிறோம்.